தன்னைத் தானே சமிக்காத இரைப்பை

ஆட்டுக்குடல் கறி சாப்பிட்டவர்கள் எம்மிடையே பலர் உண்டு. ஆட்டின் இரைப்பையையும் குடலையும் கழுவி, வெட்டி, அவித்துக் கறியாக்கிச் சாப்பிட்டால் சில மணித்தியாலங்களில் அது எமது வயிற்றினுள் கரைந்து கூழாகிவிடுகின்றது. ஆட்டின் இரைப்பை தசையினாலும் புரதத்தினாலும் ஆனது. எமது இரைப்பையும் அவ்வாறானதே. அப்படியாயின் ஆட்டின் இரைப்பையைக் கரைக்கும் சாறு, அதைச் சுரக்கின்ற எமது சொந்த இரைப்பையை ஏன் கரைப்பதில்லை?

இது விளையாட்டுக் கேள்வியல்ல. ஜோன் ஹன்ரர் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1772ஆம் ஆண்டில் இலண்டனில் இது பற்றி எழுதினார். நல்ல தேகசுகத்துடன் இருந்து திடீரெனக் கொல்லப்பட்டவர்களின் உடலைப் பிளந்து பார்த்தபோது, சிலரின் இரைப்பைச் சுவர் கரைந்து ஓட்டை விழுந்திருப்பதை அவர் கண்டார். உயிர் போன பின் இரைப்பை தன்னைத் தானே சமித்திருந்தது. உயிரோடு இருக்கும்வரை ஏதோ ஒன்று அதைக் காக்கின்றது என்பது அவருக்கு விளங்கியது. அந்த ஏதோ ஒன்று என்னவென்று அறிய இன்னும் இருநூறு ஆண்டுகள் சென்றன.

முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் சொல் 'கஸ்ரிக்'. வயிறு எரிந்தாலும் கஸ்ரிக், ஊதினாலும் கஸ்ரிக், புண் வந்தாலும் கஸ்ரிக். காரணம் கேட்டால் "நேரத்துக்குச் சாப்பாடில்லை, அமிலம் குடலை அரிச்சுப் போட்டுது" என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை அறியாதபடியால்தான் சிலர் இரத்த வாந்தியோடு வைத்தியசாலைக்குப் போக நேர்கின்றது. ஆகவே இரைப்பை தன்னைக் காக்கும் முறையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இரைப்பைச் சுவரிலுள்ள சுரப்பிகள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை சாறு சுரக்கின்றன. அதில் ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டு. தேசிக்காய்ப் புளியிலும் கூடிய புளிப்பு அதற்கு. இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றின் புரதத்தை வெட்டித் துண்டாக்கும் பெப்சின் என்னும் நொதியமும் அதனோடு சேர்ந்திருக்கின்றது. இந்த அமிலம் எமக்குப் பகையல்ல. நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் வாழ்பவர்களுக்கு அது ஒரு காவலாளி. நீரோடும் உணவோடும் போகும் கிருமிகளில் பெரும்பகுதியை அதுவே கொன்றுவிடுகின்றது. அமிலத்தைக் குறைக்கும் குளிசைகளைத் தேவையின்றி மாதக்கணக்கில் போடுபவர்களுக்கு வயிற்றோட்டக் கிருமிகள் எளிதில் தொற்றுவது இதனாலேயே.

இனி, காப்புக்கு வருவோம். இரைப்பையின் உட்புறம் முழுவதும் வெண்டிக்காய் வழுவழுப்பைப் போன்ற ஒரு பசை பூசப்பட்டிருக்கின்றது. சீதம் என்பது அதன் பெயர். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. சுவரின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் இந்தச் சீதத்தைச் சுரப்பதோடு அதனுள் இருகாபனேற்று என்னும் பொருளையும் விடுகின்றன. அப்பச்சோடாவில் இருப்பதும் இதே பொருள்தான். அமிலம் சீதத்தினூடாகச் சுவரை நோக்கி ஊறி வரும். இருகாபனேற்று சுவரிலிருந்து எதிரே வந்து அதைச் சமப்படுத்திவிடும். சீதத்தின் வெளிப்புறத்தில் கடும் புளிப்பு; உட்புறத்தில் சுவரைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய சாதாரண தண்ணீரின் நிலை. அமிலச் செறிவில் ஒரு இலட்சம் மடங்கு வித்தியாசம், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரத்துக்குள்!

இருகாபனேற்று எங்கிருந்து வருகின்றது என்பது இன்னும் வியப்பானது. அமிலத்தைச் சுரக்கும் கலம், இரைப்பையினுள் ஒரு பங்கு அமிலத்தை விடும்போது, தன் பின்புறத்தால் அதற்குச் சரியான ஒரு பங்கு இருகாபனேற்றை இரத்தத்தினுள் விடுகின்றது. அந்த இரத்தம் அங்கிருந்து மேற்பரப்புக் கலங்களின் அடியால் ஓடுகின்றது. எவ்வளவு அமிலம் கூடுகின்றதோ அவ்வளவுக்கு மாற்றுமருந்தும் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்கின்றது.

ஆயினும் பெப்சின் சீதத்தின் வெளிப்புறத்தை ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். அலையடித்துக் கரையும் குளக்கட்டுக்கு மண் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா? அதுபோலச் சீதமும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கவேண்டும். சீதத்தின் கீழுள்ள கலங்களும் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்தி நிற்கின்றன. ஒரு மீன்முள் கீறி, அல்லது காரமான மது சுட்டுச் சில கலங்கள் உதிர்ந்துபோனால், பக்கத்திலுள்ள கலங்கள் சில நிமிடங்களிலேயே நகர்ந்து வந்து வெளியை மூடத் தொடங்குகின்றன. மேற்பரப்புக் கலங்கள் யாவும் ஒரு கிழமைக்குள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். ஆகவே போன மாதம் எமக்கிருந்த இரைப்பைத் தோல் இந்த மாதம் இல்லை. இவ்வளவு வேலைக்கும் இரத்த ஓட்டம் வேண்டும். பெருங்காயம், கடும் எரிகாயம் ஆகியவற்றால் உடலின் இரத்த ஓட்டம் குன்றியவர்களுக்குச் சில மணித்தியாலங்களிலேயே இரைப்பையில் புண் தோன்றுவதுண்டு.

சீதம் சுரக்கவும் இருகாபனேற்று விடவும் இரத்தக் குழாய்களைத் திறக்கவும் யார் கட்டளையிடுவது? குளத்துக்கு வட்டவிதானை இருப்பதுபோல இரைப்பைச் சுவருக்கும் ஒருவர் இருக்கின்றார். புரொஸ்ரகிளாண்டின் என்னும் இரசாயனப் பொருளே அவர். பெயர் வாயில் நுழையாதுதான். ஆனாலும் இக்கட்டுரையில் ஒரு பெயரை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டில் அந்திரே றொபேட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் எலிகளுக்கு இப்பொருளைச் சிறிதளவு கொடுத்து, அதன்பின் கலப்பில்லாத மதுசாரத்தையும் கடும் அமிலத்தையும் கொதிநீரையும் இரைப்பையினுள் செலுத்தினர். மற்றைய எலிகளின் இரைப்பை வெந்து இரத்தம் கசிந்தது. இப்பொருள் பெற்ற எலிகளின் இரைப்பையோ பெரும்பாலும் தப்பிவிட்டது.

நோவுக்குப் போடும் குளிசை

இனிச் சொல்லப்போவதே நாம் இதை எழுதுவதற்கான முக்கிய காரணம்.

சொந்தக் காணியில் நின்றபோது உடம்பு இயலாத நாளில் ஒரு நேரம் இளைப்பாறலாம். கூலிக்கு வெங்காயம் கிண்டப் போகிறவருக்கும் மண் அள்ளப் போகிறவருக்கும் அது முடியாது. இன்று இடுப்பு நோ என்று நின்றால் நாளைக்குச் சம்பளமில்லை. ஆகவே காலையில் ஒரு பிளேன்ரீயோடு இரண்டு நோக் குளிசை, இரவு படுக்கும்போது மீண்டும் இரண்டு. இப்படி மாதக்கணக்கில் போடுபவர்களை நாம் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குளிசை என்ன செய்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முழங்கால் வீங்கி நோவதற்குக் காரணமாகும் பொருள்களில் ஒன்று மேலே சொன்ன அதே புரொஸ்ரகிளாண்டின். அஸ்பிரின், டிஸ்பிரின், டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற குளிசைகள் அப்பொருள் உண்டாவதைத் தடுத்தே நோவைக் குறைக்கின்றன. இதை ஜோன் வேன் என்பவர் 1971இல் இலண்டனில் கண்டுபிடித்தார். அதற்காக 1982இல் வேறு இருவருடன் நோபல் பரிசும் பெற்றார். குளிசைக்கோ முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. முழங்காலில் நோவை நிறுத்தும்போதே இரைப்பையில் வட்டவிதானையையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுகின்றது. சீதம் மெலிகின்றது, இருகாபனேற்று குறைகின்றது, இரத்த ஓட்டம் சுருங்குகின்றது, உதிர்ந்த கலங்களின் இடம் மூடப்படாமல் கிடக்கின்றது. அமிலம் முன்னர் இருந்த அளவே இருக்கின்றது. கட்டுத்தான் பலவீனப்பட்டுப் போகின்றது.

"சாப்பிட்டுப்போட்டுக் குளிசை போட்டால் ஒன்றும் செய்யாது" என்பது பலரின் நம்பிக்கை. வெறுவயிற்றில் போடுவதிலும் சாப்பிட்ட பின் போடுவது நல்லதுதான். கரையும் குளிசை சுவரை நேரே சுடுவதை உணவு குறைக்கும். ஆனால் பெரிய கேடு இரத்தத்தின் வழியாகவே வருகின்றது. குடலில் மட்டும் கரையும்படி மேற்பூச்சுப் பூசிய குளிசையும், மலவாயிலில் வைக்கும் மருந்தும், ஏன், ஊசியாக ஏற்றுவதுங்கூட இரைப்பையில் புண்ணை உண்டாக்க முடியும். அஸ்பிரின் போன்றவை இரத்தம் உறைவதையும் தடுப்பதால் புண்ணிலிருந்து இரத்தம் எளிதில் நிற்பதில்லை.

நோக் குளிசையோடு வரும் புண் பல வேளைகளில் நோவதுமில்லை! நோவைத் தெரியாமல் செய்யும் குளிசையல்லவா? வயிறு எரியவில்லை, ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்று எண்ணியிருப்பவருக்கு முதல் அறிகுறியே இரத்தப் போக்காக இருக்கலாம். 1822இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் சென். மாட்டின் என்பவருக்குத் துவக்குச் சூடு பட்டு, வயிற்றில் மூடாத ஒரு துவாரம் இருந்தது. அவரைப் பராமரித்த வைத்தியர் வில்லியம் போமன்ற் அத்துவாரத்தினூடாக இரைப்பையின் உட்புறத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து எழுதினார். சில நாட்கள் தொடர்ந்து குடித்தபின் உட்சுவர் சிவந்து புண்பட்டிருப்பதை வைத்தியர் தம் கண்ணால் கண்டபோதும், அந்த மனிதர் தமக்கு வருத்தமில்லை என்றே சொல்லியிருக்கிறார். கசிப்புக் குடித்துவிட்டு உடம்பு நோவுக்குக் குளிசையும் போடுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் நோவுக்கு என்ன செய்வது? முதலில் பரசிற்றமோல், அதாவது பனடோல். அது வழக்கமான அளவில் இரைப்பைக் காப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசையில் ஒருமுறைக்கு இரண்டு போடலாம். அடுத்த முறைக்கு ஆறு மணித்தியாலம் செல்லவேண்டும். 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் இதனிலும் குறைவாகவே. அளவு மிஞ்சினால் ஈரல் கெட்டுவிடும். காய்ச்சலுக்கும் பனடோலையே போடுங்கள். டெங்குவாக இருந்தால் அஸ்பிரினும் டைக்குளோபெனாக்கும் இபுபுரூபனும் இரத்தப் போக்கை உண்டாக்கி ஆளையே கொன்றுவிடும்.

பனடோல் போதாமல் மற்றைய குளிசை வேண்டியதானால், ஒரு வகையை மட்டும், குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் போடுங்கள். ஒரு கோப்பைக் கஞ்சியாவது குடித்தபின் போடுங்கள். 60 வயதைக் கடந்தவர்கள், முன்னர் புண் இருந்தவர்கள், பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரீரொயிட் குளிசையோ இரத்தம் உறையாதிருக்கும் மருந்தோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. தவிர்க்க முடியாதபோது ஒமிப்பிரசோல் போன்ற காப்புக் குளிசையை வைத்தியர் சேர்த்துத் தருவார். கடையில் கடதாசியில் சுற்றித் தரும் பெயரில்லாத கலவைக் குளிசைகளை வாங்க வேண்டாம். அதனுள் இரண்டு வகை நோக் குளிசை இருக்கின்றதா, ஸ்ரீரொயிட் இருக்கின்றதா என்று யாருக்குத் தெரியும்? ஒரு விடயத்தில் மட்டும் கவனம்: மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்களுக்கு வைத்தியர் கொடுத்த சிறிய அளவு அஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கிருமி, கவலை, மிளகாய்

நோக் குளிசை தொடாதவர்களுக்கும் புண் வருவதுண்டு. அதற்குப் பெருங்காரணம் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்னும் சுருள் வடிவக் கிருமி. கமக்காரருக்கு இக்கிருமியின் தந்திரம் எளிதில் விளங்கும். நனைந்த யூரியா மூட்டையைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் மணம் வருமல்லவா? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை அமோனியாவாக்குவது போல, இக்கிருமியும் எமது உடலிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கின்றது. பின் சீதத்தைத் துளைத்துச் சுவரோரம் குடியிருந்து அழற்சியை உண்டாக்குகின்றது.

அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றே வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1979இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொரன் இக்கிருமியைக் கவனித்தார். 1982இல் பரி மார்ஷலுடன் சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார். ஈஸ்ரர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்திலும் கூடுதலான நாட்கள் கிடந்ததனாலேயே கிருமி தென்பட்டது. எவரும் நம்பாதபடியால் 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இக்கிருமி இருந்திருக்கின்றது. அவர்களில் பெரும்பாலானோருக்குப் புண் வருவதில்லை. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினுள், வாய் வழியாகத் தொற்றுகின்றது. நெருக்கமான குடியிருப்பும் போதிய நீரின்மையும் தொற்றைக் கூட்டும். மலசலகூடம் போய்வந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், கொதித்தாறிய நீர், குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டாதிருத்தல் ஆகியன நாம் செய்யக்கூடியவை. கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தால் அமிலத்தைக் குறைக்கும் குளிசையோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வழக்கமாக 14 நாட்களுக்குக் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கு மசியாததாகிவிடும்.

கவலையால் புண் வருமா? கிருமி கண்டுபிடிக்கப்பட்டபின் பல வைத்தியர்கள் இல்லை என்றே சொன்னார்கள். நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். 2011 மார்ச்சில் யப்பானில் நிலநடுக்கமும் கடற்கோளும் வந்தபின் அங்கு புண் நோயாளர் தொகை கூடியது. கிருமியும் இல்லாமல் நோக் குளிசையும் போடாமல் புண் வந்தவர்களின் பங்கும் அதிகரித்தது. இடம்பெயர்ந்து தங்குமிடங்களில் இருந்தவர்களிடையே இரத்தம் கசியும் புண் கூடுதலாகக் காணப்பட்டது. இடம்பெயர்ந்தவரின் வயிற்று நோவை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவது தவறு.

பசி தனியே நல்ல இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை; ஏற்கனவே புண் இருந்தால் வெறுவயிற்றில், முக்கியமாக நள்ளிரவில் நோகும். மிளகாயும் புண்ணை உண்டாக்குவதில்லை. எரிந்தால் குறையுங்கள், அவ்வளவே. பால் சற்று நேரம் ஆறுதல் தரும். பின்னர் அதுவே அமிலத்தைச் சுரக்கச் செய்யும். அப்பச்சோடாவும் அப்படியே, இரத்த அழுத்தமுள்ளவர்களுக்கு அதிலுள்ள சோடியம் கூடாது. சுருட்டும் பீடியும் சிகரெட்டும் புண் ஆறுவதைத் தடுக்கும். சாதாரண புண் ஒழுங்கான மருந்தோடு 4 முதல் 8 கிழமைகளில் ஆறிவிடும்.

தாமதிக்கக் கூடாத வேளைகள் உண்டு. தார்போல் கறுத்து, ஒட்டும் தன்மையோடு நாற்றமடிக்கும் மலம் போனால் உள்ளே இரத்தம் போகின்றது. (கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார்போல் ஒட்டாது.) வாந்தி இரத்தமாகவோ கோப்பித்தூள் கரைத்தது போலவோ வந்தாலும் அதே பொருள். திடீரெனக் கத்தியால் குத்தியதுபோல் நோவு வந்து வயிறு பலகைபோல் இறுகினால் இரைப்பை அல்லது குடல் ஓட்டையாகியிருக்கலாம். காரணமின்றி மெலிவது, விழுங்க முடியாமை, முகம் வெளிறி நடக்கக் களைப்பது ஆகியவற்றுக்கும் வைத்தியரைக் காணவேண்டும்.

இரத்தம் போகிறவரையும் வயிறு இறுகியவரையும் அன்றே, அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதுவரை அவரைக் கிடத்தி வையுங்கள். சோடா, பால், சாப்பாடு எதுவும் கொடுக்கவேண்டாம். நோவுக்கென்று டிஸ்பிரின் கரைத்துக் கொடுக்கவே வேண்டாம். போகும்போது அவர் போட்ட குளிசைகளின் வெற்று மட்டைகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். மட்டை இல்லாவிட்டால் மிஞ்சிய குளிசை ஒன்றையாவது கடதாசியில் சுற்றிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.